சட்டையைக் கழற்ற முடியாத பதினான்கு ஆண்டுகள்

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது இரண்டு பக்க மார்பும் வீங்கத் தொடங்கியது. வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. இரண்டு ஆண்டுகளில் 93 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கினேன். வயிறு குறைந்தது, மார்பு குறையவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் சொன்னதை நம்பி எட்டு வாரம் ஊசி போட்டுக்கொண்டேன். அதை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகு இடது காம்புக்கு அடியில் வலி இருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். உள்ளே போகச் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று, பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் எனச் சொல்லி வெளியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தை மாதம் கல்யாணம். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. ஒரு கிளினிக்கில், தழும்பே தெரியாது, மாலையே வீட்டுக்குப் போகலாம், இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? மறுபடியும் வளருமா? பெண்ணிடம் சொல்ல வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் பதற்றத்தில் இருப்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அறுவை சிகிச்சை உங்களுக்குப் பொருத்தமான சிகிச்சையாகத்தான் தெரிகிறது. அதற்கு ஆசைப்படுவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இந்த வாரம் முன்பணம் கட்டாதீர்கள். என் கருத்தில், கல்யாணத்துக்கு முன்பு அந்த அறுவை சிகிச்சை வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

திருச்செந்தூரில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்ததை நீங்கள் இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த இடம்தான் கடிதத்தின் மையமாகப் பட்டது. பிளாஸ்டிக் சர்ஜனாக என் அறைக்கு வரும் இளைஞர்கள் பலரிடம் இதே கதையை வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு கேட்டிருக்கிறேன். குற்றாலத்தில் நண்பர்கள் எல்லோரும் அருவியில் நிற்கும்போது, சளி பிடித்திருக்கிறது என்று கரையில் நின்றவர் ஒருவர். சொந்தத் தோட்டத்துப் பம்புசெட்டில் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஒருமுறைகூடக் குளிக்காதவர் ஒருவர். சித்திரை வெயிலில் இரண்டு பனியன், அதன்மேல் சட்டை, தோளை முன்னுக்குத் தள்ளிய கூன், நெஞ்சை மறைக்க ஒரு ஃபைல் என்று உள்ளே வருவார்கள். என்ன பிரச்சினை என்று கேட்டால், முதலில் முதுகுவலி என்பார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் விஷயம் வெளியே வரும். இதை வெறும் அழகு ஆசை என்று தள்ளிவிடுகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேலி ஒருவருடைய நடையையும் உட்காரும் விதத்தையும் பதினான்கு ஆண்டுகள் தீர்மானிக்கிறது என்றால், அது சிகிச்சைக்கு உரிய துன்பம்தான்.

இனி, இது என்ன என்பதைப் பார்ப்போம். இதன் மருத்துவப் பெயர் கைனகோமாஸ்டியா. பெண், மார்பகம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. பெயரே நோயாளியைப் புண்படுத்துகிறது. அதனால் நான் என் அறையில் அந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை. உண்மையில், ஆணாகப் பிறந்த எல்லோருக்கும் காம்புக்கு அடியில் சிறிதளவு சுரப்பித் திசு இருக்கிறது. ஆண் உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனோடு, பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜனும் எப்போதும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டின் விகிதம் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாயும்போது அந்தத் திசு வளர்கிறது. ஆணின் வாழ்நாளில் இது இயல்பாகவே சாயும் காலங்கள் மூன்று. பிறந்த சில வாரங்களில், தாயிடமிருந்து வந்த ஹார்மோனால் ஆண் குழந்தைக்கும் மார்பு வீங்கும். நம் வீடுகளில் அதைப் பால் கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பாட்டிமார் பிதுக்கிவிடுவார்கள். அப்படிப் பிதுக்குவதால் சீழ் பிடித்துக் குழந்தை மருத்துவமனைக்கு வருவதுண்டு. தொடாமல் விட்டால் அது தானே வற்றிவிடும். அடுத்தது, உங்களுக்கு நேர்ந்ததுபோல 13, 14 வயதில். அந்த வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓரளவு வீக்கம் வரும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். மூன்றாவது, ஐம்பது வயதுக்கு மேல், டெஸ்டோஸ்டீரோன் குறைந்து உடல் கொழுப்பு கூடும்போது.

வளர வளரச் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகிறது. ஆனால் இரண்டு ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிற திசு, தன் மென்மையை இழந்து நார்போல் இறுகிவிடும். இறுகிய பிறகு அதை மருந்தும் கரைக்காது, தண்டாலும் பெஞ்ச் பிரஸ்ஸும் கரைக்காது. நீங்கள் பதினொரு கிலோ குறைத்தும் மார்பு அப்படியே இருந்ததற்கு உங்கள் முயற்சியில் குறை ஏதும் காரணமில்லை. உடற்பயிற்சி கொழுப்பைக் குறைக்கும், அடியில் உள்ள தசையை வளர்க்கும்; சுரப்பியை அது தொடுவதே இல்லை. சில சமயம் தசை வளர்ந்து, மேலே இருக்கிற சுரப்பியை இன்னும் முன்னே தள்ளிக் காட்டிவிடும்.

உங்களிடம் இருப்பது சுரப்பியா, கொழுப்பா, இரண்டுமா என்பதை ஓரளவு நீங்களே அறியலாம். மல்லாந்து படுத்து, ஒரு கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களில் வைத்து மெதுவாகக் காம்பை நோக்கி நெருக்குங்கள். காம்புக்கு நேர் அடியில், அழிரப்பர்போல் அழுத்தமாக, தட்டையாக, வழுக்கி நகரக்கூடிய வட்டத் தட்டு ஒன்று விரல்களில் தட்டுப்பட்டால் அது சுரப்பி. எதுவும் தட்டுப்படாமல் விரல்கள் காம்பு வரை வந்து சேர்ந்துவிட்டால் அது வெறும் கொழுப்பு. அவர்களுக்கு முதல் சிகிச்சை எடைக் குறைப்புதான். உங்கள் வயதில், உங்கள் எடையில், பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். இந்தச் சோதனையின்போது கல்போல் கடினமாக, காம்புக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக, தோலோடோ தசையோடோ ஒட்டிக்கொண்டு நகராத கட்டி தென்பட்டாலும், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலும், காம்பு புதிதாக உள்ளிழுத்தாலும், அக்குளில் நெறி கட்டியிருந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றில் ஏறக்குறைய ஒருவர் ஆண். உங்கள் வயதில் அது மிக மிக அரிது. இதை உங்களை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை, இதைப் படிக்கும் உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்காகவும் எழுதுகிறேன்.

இப்போது அந்த ஊசிக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் அதன் பெயரைச் சொல்லவில்லை. பெயர் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்றும் நினைக்கிறேன். எட்டு வாரக் கணக்கும், நிறுத்திய பிறகு வந்த வலியும் சேர்ந்து பார்த்தால், அது டெஸ்டோஸ்டீரோன் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆண்மை ஹார்மோனைப் போட்டால் மார்பு எப்படி வளரும் என்று நீங்கள் கேட்கலாம். உடலில், முக்கியமாகக் கொழுப்புத் திசுவில், அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தேவைக்கு மிஞ்சிய டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். அதே சமயம், வெளியிலிருந்து ஹார்மோன் தாராளமாக வருவதைக் கண்ட மூளை, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விரைகள் தம் உற்பத்தியை நிறுத்திச் சுருங்கத் தொடங்குகின்றன. பிறகு ஊசியையும் நிறுத்தும்போது, வெளி வரவும் இல்லை, உள் உற்பத்தியும் இல்லை என்ற நிலையில் உடல் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் தவிக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஈஸ்ட்ரோஜன் கை ஓங்கி, தூங்கிக் கிடந்த சுரப்பி மறுபடியும் விழிக்கிறது. இடது காம்புக்கு அடியில் இருக்கும் வலி பெரும்பாலும் இதன் அறிகுறி. வலிக்கிற சுரப்பி இன்னும் வளரும் நிலையில் இருக்கிறது என்று பொருள். அதை இப்போதே அறுப்பது, அடுப்பை அணைக்காமல் பொங்கிய பாலைத் துடைப்பதற்குச் சமம்.

குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா என்று நீங்கள் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மார்புச் சுரப்பியை எடுப்பதற்கும் விந்தணுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தாம்பத்தியத்துக்கும் ஆண்மைக்கும் அதனால் ஒரு குறையும் வராது. அந்தக் கேள்வியை நீங்கள் ஊசியைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். விரைகள் உற்பத்தியை நிறுத்தும்போது விந்தணு எண்ணிக்கையும் விழுகிறது. சிலருக்குச் சுழியத்துக்கே போய்விடுகிறது. எட்டு வாரம் மட்டுமே போட்டவர்களில் பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல அது மீண்டுவிடும். உங்களுக்கு அது மீண்டுவிட்டதா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லும். தேவைப்பட்டால் விந்துப் பரிசோதனையும் சொல்லும். கல்யாணம் ஆகப்போகிற நேரத்தில், மார்பைவிட இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்தக் கூடத்தில் இன்னொரு சுற்று போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆகவே உங்கள் முதல் பயணம் கிளினிக்குக்கு இல்லை. ஹார்மோன் மருத்துவரிடம், அவர் கிடைக்காவிட்டால் நல்ல பொது மருத்துவரிடம் போங்கள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன், அதோடு விரைகளுக்கு மூளையின் கட்டளையைக் கொண்டுசெல்லும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ராடயால், புரோலாக்டின், பீட்டா எச்சிஜி ஆகிய ஹார்மோன்கள், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்ப்பார். விரைகளையும் கையால் பரிசோதிப்பார்; கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மார்பு வீக்கத்தை முதல் அடையாளமாகக் கொண்டு வெளிப்படும் விரைக் கட்டிகள் உண்டு. ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறந்த ஆண்களுக்கு விரைகள் சிறியதாகவும் மார்பு பெரியதாகவும் இருப்பதுண்டு. ஒரு நிமிடப் பரிசோதனை இவை இரண்டையும் கவனத்துக்குக் கொண்டுவந்துவிடும். நீங்கள் சாப்பிடுகிற, சாப்பிட்ட மருந்துகள் அனைத்தையும் சொல்லுங்கள். முடி உதிர்வுக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு, இதய நோய்க்கும் கல்லீரல் நோயால் உடலில் நீர் கோத்து வரும் வீக்கத்துக்கும் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன், மனநல மருந்தான ரிஸ்பெரிடோன், காசநோய் மருந்தான ஐசோனியாசிட் என்று மார்பை வளர்க்கக்கூடிய மருந்துகள் பல இருக்கின்றன. அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மது அருந்துகிறவர்கள் கல்லீரலின் நிலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அண்மையில் தோன்றிய, வலியுள்ள வளர்ச்சிக்கு டமாக்சிஃபென் என்ற மாத்திரையைச் சில மாதங்கள் தருவது உண்டு. ஈஸ்ட்ரோஜன் மார்புத் திசுவில் வேலை செய்யாமல் தடுப்பது அதன் பணி. அது உங்கள் இடது பக்க வலியைத் தணிக்கலாம். பதினான்கு ஆண்டுகள் பழகி இறுகிய பகுதியைக் கரைக்காது. இரத்தம் உறைதல் போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால், மருத்துவர் கண்காணிப்பில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இல்லை அது.

ஹார்மோன் அளவுகள் சீரடைந்து, வலி அடங்கி, எடையும் சில மாதங்கள் ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் நின்றால், அப்போது அறுவை சிகிச்சைக்கு நேரம் வந்துவிட்டது. இது புதுமோகத்தில் வந்த சிகிச்சை என்று வீட்டில் யாரேனும் சொன்னால், நம் நாட்டில் அப்பரும் மகேந்திரவர்மனும் வாழ்ந்த அதே ஏழாம் நூற்றாண்டில், பால் (Paul) என்ற கிரேக்க மருத்துவர் ஆண்களின் மார்பைக் குறைக்கும் அறுவையைத் தம் நூலில் விவரித்திருக்கிறார் என்று சொல்லுங்கள். ஆண்கள் இதற்காக வெட்கப்படுவதும் அவ்வளவு பழையதுதான்.

இன்றைய முறையில் பெரும்பாலும் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. முழு மயக்கம் கொடுத்தோ, மருந்தால் அரைத் தூக்கத்தில் வைத்து மரத்துப்போகச் செய்தோ தொடங்குவோம். மரத்துப்போகும் மருந்தும், இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த உப்புநீரைத் தோலுக்கு அடியில் நிரப்பினால் இரத்தக் கசிவு பெருமளவு குறையும். பிறகு அக்குள் பக்கமாகச் சில மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டு, மெல்லிய குழாயை உள்ளே செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுப்போம். உறிஞ்சும் குழாய்க்குச் சுரப்பி பெரும்பாலும் வசப்படாது. அதற்காகக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில், கறுப்புத் தோலும் வெளிர்த் தோலும் சேரும் கோட்டிலேயே, பிறைபோல் ஒரு கீறல் போட்டு அதன் வழியாகச் சுரப்பியை வெட்டி எடுப்போம். தட்டில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் யாருக்கும் விளங்கும்: கொழுப்பு மஞ்சளாகக் குழைந்து கிடக்கும், சுரப்பி முற்றிய தேங்காய்ப் பருப்புபோல் வெளுத்து, கத்தரியை எதிர்த்து நிற்கும். விழித்த பிறகு அதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காட்டுவேன். இத்தனை ஆண்டுகள் தன்னை ஆட்டிவைத்தது உள்ளங்கையில் அடங்குகிற இந்தத் துண்டுதானா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. எடுத்த திசுவை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தோல் மிகவும் தொங்கிவிட்டவர்களுக்கு மட்டும் தோலையும் வெட்ட வேண்டியிருக்கும். அப்போது தழும்பு நீளமாகும். உங்களுக்கு அது தேவைப்படுமா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தழும்பே தெரியாது என்று உங்களிடம் சொன்னார்கள் அல்லவா? கீறல் இருந்தால் தழும்பு இருக்கும். கருவட்டத்தின் ஓரத்தில் போட்டது ஓராண்டில் மங்கி, தேடினால்தான் தெரியும் என்ற அளவுக்கு வரும். அதுதான் நேர்மையான பதில். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ உங்களுக்குத் தழும்பு தடித்து மேலெழுந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். நெஞ்சுப் பகுதியில் அப்படித் தடிக்கும் வாய்ப்பு அதிகம். மற்ற சிக்கல்களையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாளில் உள்ளே இரத்தம் தேங்கினால் மறுபடியும் திறந்து எடுக்க வேண்டிவரும். நீர் கோத்தால் ஊசியால் எடுக்க வேண்டும். காம்பில் உணர்ச்சி சில மாதங்கள் குறையலாம். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. இரு பக்கமும் மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றாக அமையாமல் போகலாம். புகைபிடிப்பவர்களுக்குக் காம்பின் இரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாமல் போகும் அபாயம் உண்டு. குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

ஒரு குறையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் அறுவை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். சட்டையைக் கழற்றியதும், இரண்டு காம்புகளும் குழிக்குள் விழுந்து, அவற்றைச் சுற்றி விளிம்புபோல் கொழுப்பு நின்றது. துளிகூட மிச்சம் வைக்காமல் எடுத்துவிடுங்கள் என்று இவர் கேட்டிருக்கிறார், அவர்களும் எடுத்துவிட்டார்கள். காம்புக்கு அடியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குத் திசுவை விட்டுவைக்க வேண்டும் என்பது இந்த அறுவையின் அடிப்படைப் பாடம். விடாவிட்டால் காம்பு உள்ளே ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலிருந்த கொழுப்பை நகர்த்திக் குழியை ஓரளவு நிரப்பினேன். ஓரளவு என்றுதான் சொல்ல முடியும். முதல் அறுவையில் கெட்டுப்போனதை இரண்டாவது அறுவை முழுதாக மீட்டுத் தருவதில்லை. எனவே மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் பொறுமைதான் இந்தச் சிகிச்சையில் உங்கள் கையில் இருக்கும் பெரும் பகுதி.

அறுப்பவர் எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் அறுவைத் துறையில் பட்டமேற்படிப்பும் அதன்பின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஹெச் அல்லது அதற்கு இணையான பட்டமும் பெற்றவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மயக்க மருந்து கொடுப்பவர் யார், அறுவை முடியும் வரை அவர் அறையிலேயே இருப்பாரா, திடீரென்று மூச்சுத் திணறினால் அந்த இடத்தில் என்ன வசதி இருக்கிறது, இரத்தம் தேங்கினால் நள்ளிரவில் யாரை அழைப்பது, திருத்த அறுவை தேவைப்பட்டால் அதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அந்தக் கிளினிக்கில் உங்களைப் பரிசோதித்த மருத்துவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தள்ளுபடி சொன்னவரைப் பற்றித்தான் இருக்கிறது. இரத்தப் பரிசோதனைகூட எடுக்காமல், ஊசி போட்டீர்களா என்றுகூடக் கேட்காமல் அறுவைக்கு நாள் குறிக்கிற இடத்தில், நாளை உங்களுக்கு ஏதேனும் ஆனால் யார் பொறுப்பேற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பணம்தான் தடை என்றால், கோவை, மதுரை, சென்னை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறைகள் இருக்கின்றன. காத்திருக்க வேண்டியிருக்கும்; ஆனால் உங்களுக்குத் தேவையானதே அந்தக் காத்திருப்புதான். மருத்துவக் காப்பீட்டை நம்பி இருக்க வேண்டாம். அழகுக்கான சிகிச்சை என்று வகைப்படுத்தப்படுவதைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக விலக்கி வைக்கின்றன. மருத்துவத் தேவை என்று மருத்துவர் சான்றளித்தாலும், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறாமல் இறங்காதீர்கள்.

கல்யாணத்துக்கு முன்பு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு, அடங்காத ஹார்மோன் முதல் காரணம். உடல் ஆறும் கணக்கு இரண்டாவது காரணம். பெரும்பாலானவர்கள் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது உண்மை. ஒரு வாரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கும் திரும்பலாம். ஆனால் நான்கிலிருந்து ஆறு வாரம், இரவும் பகலும், இறுக்கமான அழுத்தச் சட்டை அணிந்திருக்க வேண்டும். பின்னலாடைத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு அந்தத் துணியைத் தொட்டதும் அதில் எவ்வளவு லைக்ரா ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு தூங்குவது எப்படி என்பது முதல் வாரத்தில்தான் தெரியும். அந்த வாரங்களில் கனமான எதையும் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் வீசக் கூடாது. நீல நிறக் கன்றல் மறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். வீக்கம் வடிய மூன்று மாதமும், மார்பு தன் இறுதி வடிவத்துக்கு வர ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். பரிசோதனைகளுக்கான வாரங்களைக் கழித்துவிட்டால் தைக்கு முன்பு உங்களிடம் மிஞ்சுவது இரண்டு மாதம்கூட இல்லை. வீங்கிய, சில இடங்களில் கட்டிதட்டிய, தொட்டால் கூசுகிற மார்போடு மணமேடையில் உட்காருவீர்கள். அழைப்பிதழ் கொடுக்க ஊர் ஊராக அலைந்துகொண்டே காயத்தைப் பார்த்துக்கொள்வீர்கள். நாளை முகூர்த்தம் என்ற நிலையில் காயத்தில் நீர் கோத்தால் என்ன செய்வீர்கள்? கல்யாணம் முடிந்து, பரிசோதனைகள் சீரான பிறகு, அலுவலகத்தில் விடுப்பு எடுத்து நிம்மதியாகச் செய்துகொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகள் காத்தீர்கள். ஆறு மாதத்தால் அறுவையின் பலன் குறையப் போவதில்லை.

மறுபடியும் வளருமா என்ற கேள்விக்கு: எடுத்த சுரப்பி திரும்ப முளைப்பதில்லை. ஆனால் வடிவத்துக்காக விட்டுவைத்த அந்த ஒரு சென்டிமீட்டர் திசு உயிரோடுதான் இருக்கும். ஸ்டீராய்டை மறுபடியும் தொட்டால் அது வளரும். எடை பதினைந்து கிலோ கூடினால் மார்பிலும் கொழுப்பு சேரும்.

பெண்ணிடம் சொல்ல வேண்டுமா என்பது மருத்துவக் கேள்வி இல்லை. ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள், நான் நினைப்பதைச் சொல்கிறேன். நீங்கள் மறைத்துவைக்கும் குற்றம் எதுவும் இதில் இல்லை. எனவே பாவமன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்லத் தேவையில்லை. ஆனால் மறைத்தால், முதல் இரவிலிருந்து மறுபடியும் அதே பனியனுக்குள் வாழத் தொடங்குவீர்கள். நிச்சயம் முடிந்து தொலைபேசியில் பேசிக்கொள்கிறீர்கள் என்றால் ஒரு நாள், "சின்ன வயதிலிருந்து எனக்கு மார்பில் சுரப்பி வீக்கம் இருக்கிறது, ஆபத்து இல்லை, அடுத்த ஆண்டு அறுவை செய்துகொள்ளப் போகிறேன், இதனால் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு" என்று நான்கு வரியில் சொல்லிவிடலாம். ஊசி போட்ட விஷயத்தையும், பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும், சொல்லிவிடுங்கள். குழந்தைப்பேறு அவருக்கும் உரிய விஷயம். என்னிடம் மனைவியோடு வந்த ஆண்கள் தனியே வந்தவர்களைவிட நிதானமாக முடிவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அறுவைக்குப் பிறகு முதல் சில நாள்கள் அந்த அழுத்தச் சட்டையின் கொக்கியைப் போட்டுவிட ஒருவர் கட்டாயம் வேண்டும். அது அவராக இருப்பது நல்லது.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எட்டாவது ஒன்பதாவது படிக்கும் மகனுக்கு இப்படி வீங்கினால் அறுவைக்கு ஓடாதீர்கள். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு இரண்டு ஆண்டு பொறுங்கள். அதுவரை வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேலி பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக் கேலியைவிட, சித்தப்பா சொன்ன ஒரு சொல்லைத்தான் பல பேர் என்னிடம் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இராணுவத்தில் சேர முயலும் இளைஞர்கள், மருத்துவத் தேர்வில் இது தகுதிக் குறைவாக எண்ணப்படக்கூடும் என்பதால், ஆள்சேர்ப்புக்குச் சில வாரம் இருக்கும்போது பதறாமல் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

தம்பி, இந்த வாரமே ஹார்மோன் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். போகும்போது அந்த ஊசி மருந்தின் புட்டியோ, அட்டையோ, கைபேசியில் அதன் படமோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் நிறுத்தினீர்கள், வாரத்துக்கு எத்தனை போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய பவுடர் டப்பாவையும் கொண்டுபோங்கள். காலையிலேயே இரத்தம் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் காலை நேரமாகக் கேளுங்கள். அறிக்கைகள் வந்ததும் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு அறுவைக்கு எந்த மாதம் பொருத்தமாக இருக்கும் என்று சொல்கிறேன்.